கயிறு கட்டியாச்சா?

கோவளம்
21 ஜூலை 2025

அன்புள்ள கோகிலா அக்காவுக்கு,

உன் தம்பி முகிலன் எழுதறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழிச்சுடாத, ஒரு பக்கமாவது படி. வாட்ஸ்அப்ல பிளாக், போன்ல பிளாக். மிச்சம் இருந்தது தபால்காரர் ஒருத்தர்தான், அவரை நீ பிளாக் பண்ண முடியாது. ப்ளஸ் டூவுக்கு அப்புறம் நான் பேனாவைப் பிடிச்சு இவ்ளோ எழுதறது இப்பதான், தப்பு இருந்தா மாமாகிட்ட காட்டாம நீயே திருத்திக்கோ.

நீ, மாமா, மிருதுளா குட்டி மூணு பேரும் நல்லா இருக்கீங்கன்னு நம்பறேன். நான் நல்லா இல்ல. சோறு இறங்க மாட்டேங்குது.

நடந்ததை நான் என் வாயால சொன்னதே இல்ல, எல்லாரும் வீடியோவைத்தான் பார்த்தீங்க. நான் வேலை பார்க்கற டேனியல் அண்ணனோட சர்ஃபிங் கடைக்கு ஒரு புதுப் போர்டு வந்துச்சு. நின்னுகினே துடுப்புப் போடற போர்டு, ஆனா நடுவுல ஒரு துளை வெச்சு அதுல பாயும் மாட்டலாம். நாலு போர்டு வாங்கறதுக்கு முன்னாடி, அலையில பாய் மாட்டினா இது சரிவருமான்னு ஓட்டிப் பார்த்து எழுதிக் கொடுக்கணும், அதுதான் என் வேலை. துடுப்புப் போட்டா வெண்ணெய் மாதிரி போகுது. பாய் மாட்டினா கொஞ்சம் மந்தம், எருமை மாதிரி யோசிச்சு யோசிச்சுதான் கிளம்புது. ஆனா பின்னாடி ஒரு அலை வந்துச்சுன்னா வேற எந்தப் போர்டுக்கும் முன்னாடி இது அலையைப் பிடிச்சுடும், காத்து செத்துப் போயிருந்தாலும் பிடிச்சுடும். புதுசா கத்துக்கற ஆளு, கொஞ்சம் கனமான ஆளு ஏறினா எப்படின்னு பார்க்கணும்னு அண்ணன் சொன்னாரு. கனம்னதும் எனக்கு மாமா ஞாபகம் வந்துச்சு. நீயும்தானே சொன்ன, கூட்டிட்டுப் போடா, தொப்பையாவது குறையட்டும்னு.

மாமா நல்லாவே பண்ணாரு அக்கா. காலையில துடுப்பு. மத்தியானம் கடல்காத்து எழும்பினதும் சின்னப் பாயா ஒண்ணு மாட்டிக் கொடுத்தேன். மூணாவது தடவையே பாயைத் தூக்கி நேரா நின்னுட்டாரு. இவ்ளோ சந்தோஷமா நான் அவரைப் பார்த்ததே இல்ல. அப்புறம்தான் அந்த அலை வந்து தள்ளிடுச்சு. சாதாரண பாய்ப் போர்டுல ஆள் விழுந்தா பாயும் தண்ணியில விழுந்து போர்டை நிறுத்திடும். இது மெத்தை மாதிரி மிதக்கற சாமான், அலை அதைத் தூக்கிகினு கரைக்கு வந்துடுச்சு, மாமா லைஃப் ஜாக்கெட்டோட உள்ளயே மிதந்துட்டாரு. இதுக்குத்தான் கால்ல கயிறு கட்டறது. ஒரு முனை போர்டுல, ஒரு முனை கணுக்கால்ல. நான் கேட்டேன் அக்கா. கரையில நின்னு கத்திக் கேட்டேன், கயிறு கட்டியாச்சா மாமான்னு. கட்டியாச்சுன்னாரு. பார்த்தா கட்டல. அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?

பஸ்ஸை விட்ட ஆளு மாதிரி கையைத் தூக்கிகினு அந்தப் போர்டைப் பார்த்து "ஹோல்டான், ஹோல்டான்"னு அவர் கத்தினா யாருக்குத்தான் சிரிப்பு வராது, நீயே சொல்லு. டெஸ்ட்டுக்காக எடுத்துகினு இருந்த வீடியோ அது. எங்க போர்டு பசங்க குரூப்புல மட்டும்தான் போட்டேன். எவனோ எடுத்து வெளிய விட்டுட்டான். ஊரே பார்க்கும்னு சத்தியமா நினைக்கல. நான் போட்டதை அழிச்சுட்டேன், மத்தவன் போட்டதை அழிக்க என்னால முடியல.

மாமாகிட்ட மன்னிப்பு கேக்கணும்னா வந்து கால்லயே விழறேன். ஆனா மிருது காதுகுத்துல கை வெச்சுடாத. தாய்மாமன்னு அவளுக்கு நான் ஒருத்தன்தான். என் மடியிலதான் உக்காரணும். கம்மலுக்கு டிசைன்கூட பார்த்து வெச்சுட்டேன்.

நீ பதில் போடுவன்னு காத்துகினு இருக்கற
முகிலன்


கீழ்க்கட்டளை
27 ஜூலை 2025

முகிலா,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன், இரண்டாவது தடவைதான் அதிகமா எரிச்சல் வந்துச்சு. கோவளத்துக்குப் போய் உன் பாஷை மாறினது பரவாயில்ல, புத்தியும் மாறிடுச்சு போல.

யாருக்குத்தான் சிரிப்பு வராதுன்னு கேட்டிருக்க. இங்க என்ன நடக்குதுன்னு கேளு. போன வாரம் உன் மாமா டியூஷனுக்குள்ள நுழையறார், போர்டுல பெருசா 'ஹோல்டான்'னு எழுதி வெச்சிருக்கானுங்க. அவர் டஸ்டர் எடுத்து அழிச்சுட்டு, அன்னிக்கு நடத்த வேண்டிய கணக்கை நடத்திட்டு வந்துட்டார். மறுநாள் பையன் எவனோ அவர் மூஞ்சியை ஸ்டிக்கராவே பண்ணிட்டான். இப்ப டியூஷனுக்கு லீவு விட்டுட்டு வீட்டுலயே உக்காந்திருக்கார். கீழ்க்கட்டளையில பாதிப் பேர் அவர்கிட்ட கணக்கு படிச்சவங்க, பால் வாங்கக்கூட அவரால தெருவுல இறங்க முடியல. வந்ததுலேர்ந்து ஒரு இருமல் வேற. கஷாயம் வெச்சுக் கொடுத்தா குடிச்சுட்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கறார்.

அந்த வீடியோவுக்கு மேல நீ எழுதினது ஞாபகம் இருக்கா? 'கயிறு கட்டாமலேயே கட்டியாச்சுன்னு பீலா விட்டா இதான் கதி.' இருபது வருஷமா வாத்தியார் வேலை பார்க்கற மனுஷனைப் பொய்க்காரன்னு ஊருக்கே எழுதிக் காட்டியிருக்க.

அவர் பொய் சொல்லலடா. நேத்து நான் சண்டை போட்டு வாயைப் பிடுங்கினதுலதான் சொன்னார். அன்னிக்குக் காலையில கடலுக்குப் போறாரேன்னு எனக்கு பயம். அம்மன் கோயில்ல மந்திரிச்சு வாங்கின கறுப்புக் கயிறை நான்தான் அவர் கணுக்கால்ல கட்டி அனுப்பினேன். நீ கரையில நின்னு கயிறு கட்டியாச்சான்னு கேட்டிருக்க. அவர் காலைத் தூக்கிக் காட்டி, "உங்க அக்கா காலையிலயே கட்டிட்டா"ன்னு சொல்லியிருக்கார். அந்தக் காத்துல உன் காதுல பாதிதான் விழுந்திருக்கு.

அவருக்கு எப்படித் தெரியும்? காலையில டேனியல் அந்தப் போர்டுக் கயிறை மாட்டி விடறப்ப 'லீஷ்'னு சொல்லித்தான் மாட்டினாராம். பாய் மாட்டணும்னு அதைக் கழட்டிப் போட்டது நீ. லீஷ் மாட்டியாச்சான்னு கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பார். கயிறுன்னு கேட்டா அவருக்கு எந்தக் கயிறு தெரியும்? இவ்வளவு தூரம் கேட்டவன் நாலு எட்டு தண்ணியில இறங்கிக் குனிஞ்சு பார்த்திருக்கக் கூடாதா?

காதுகுத்து கோயில்ல வேணாம்னு சொல்லிட்டார். சொந்தக்காரங்க முன்னாடி நிக்க முடியாதாம். தாம்பரத்துல ஏதாவது நகைக்கடையில கொண்டுபோய் மிஷின்ல குத்திட்டு வந்துடலாம்ங்கறார். மாமன் மடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதனால டிசைன் பார்க்கற வேலையை நிறுத்திக்கோ.

கோகிலவாணி


கோவளம்
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

'உன் அக்கா'ன்னு போடாம வெறும் பேரு போட்டு முடிச்சிருந்த. சரிதான். எனக்கு அது போதும், அதுக்கு மேல தகுதி இல்ல.

உன் லெட்டரைப் படிச்சுட்டு அந்த முழு வீடியோவையும் திரும்பப் போட்டுப் பார்த்தேன். காத்துச் சத்தத்துல பேச்சு ஒண்ணும் கேக்கல. ஆனா மாமா காலைத் தூக்கிக் காட்டறது தெரியுது. நான் அதுக்குக் கட்டை விரலைக் காட்டறேன். அவ்ளோதான் அக்கா.  அவர் நம்பித்தான் காட்டினாரு, நான் பார்க்காமயே சரின்னுட்டேன். போர்டு டெஸ்ட் பண்றவன்னு சட்டையில எழுதிகினு திரியறேன், காலைக் குனிஞ்சு பார்க்கத் தெரியல.

இன்னொண்ணு உன்கிட்ட சொல்லியாகணும். சொல்ல மாட்டேன்னு மாமாவுக்கு வாக்கு கொடுத்தேன், அதை இப்ப உடைக்கறேன். ஏன்னா அவர் இருமறாருன்னு நீ எழுதியிருக்க.

வீடியோ அவர் கத்தறதோட முடிஞ்சுடும். கதை அதோட முடியல. முகத்துவாரத்துக்குப் பக்கத்துல ஒரு இடம் கீது, கரையிலேர்ந்து பார்த்தா அலையே இல்லாம அழகா இருக்கும், அங்கதான் தண்ணி உள்ள இழுக்கும். மாமா கத்திகினே அந்தப் பக்கம் போயிட்டாரு. நான் சிரிச்சுகினே எடுத்துகினு இருந்தேன். அவர் கை கீழ போனப்பதான் போனைப் போட்டுட்டு ஓடினேன். நான் நீந்திப் போறதுக்குள்ள அலை அவர் தலை மேலயே உடைஞ்சுகினு இருந்துச்சு. ஜாக்கெட் மிதக்க வெச்சுது, ஆனா மூச்சு விட விடல. வலை எடுத்துட்டு வந்த சவுரிமுத்து அண்ணன் போட்டைத் திருப்பலன்னா இன்னிக்கு நான் இந்த லெட்டரை எழுதிகினு இருக்க மாட்டேன். போட்டுல தூக்கிப் போட்டப்ப உதடு நீலமா இருந்துச்சு. கரைக்கு வந்து வாந்தி எடுத்து கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "போர்டுக்கு ஒண்ணும் ஆகலையே? உன் வேலைக்கு ஒண்ணும் வராதே?"

ரெண்டு நாள் என் ரூம்ல தங்கறேன், கடல்காத்து நல்லா இருக்குன்னு உனக்கு போன் பண்ணாரே, அது ரூம் இல்ல. கேளம்பாக்கத்துல ஆஸ்பத்திரி. நெஞ்சுல தண்ணி போயிருக்குன்னு ஆக்சிஜன் வெச்சிருந்தாங்க. உனக்குத் தெரிஞ்சா பயந்துடுவன்னு பேசறப்ப மட்டும் மாஸ்க்கைக் கழட்டிட்டுப் பேசினாரு.

இனிமே எழுதப்போறதுதான் எனக்கு ரொம்ப அசிங்கமான விஷயம். பிழைச்சுட்டார்னு டாக்டர் சொன்னதும் வெளிய வந்தேன். அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்துகினுதான் நான் அந்த வீடியோவை வெட்டி, அந்த வரியை எழுதி, குரூப்புல போட்டேன். சிரிப்பா மாத்திட்டா நடந்தது சின்ன விஷயம் ஆயிடும்னு நினைச்சேன் போல. அவர் உள்ள மூச்சுக்குத் தவிச்சுகினு இருந்தாரு, நான் வெளிய உக்காந்து எத்தனை பேரு சிரிச்சாங்கன்னு பார்த்துகினு இருந்தேன்.

டேனியல் அண்ணன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். என் ரிப்போர்ட்டை மாத்தி எழுதினேன். அலையில பாய் மாட்டினா இந்தப் போர்டுக்கு லீஷ் இல்லாம ஆளை ஏத்தக் கூடாது, அதையும் கேட்டுட்டு விடக் கூடாது, கையால தொட்டுப் பார்க்கணும்னு. அண்ணன் திட்டல. இனிமே டெஸ்ட்டுக்குப் போவேணாம், போர்டு கழுவுற வேலையைப் பாருன்னாரு. கழுவுறேன்.

மாமாவை ஒரு நல்ல நெஞ்சு டாக்டர்கிட்ட காட்டு. நான் சொன்னேன்னு சொன்னாலும் பரவாயில்ல.

முகிலன்


கீழ்க்கட்டளை
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள முகிலனுக்கு,

டாக்டர்கிட்ட காட்டிட்டேன். நெஞ்சுல சளி இருந்தது, மாத்திரையில கரைஞ்சுட்டு வருது. பயப்படறதுக்கு ஒண்ணும் இல்லன்னார். உன்னை நான் காட்டிக் கொடுக்கல, இருமலைக் கேட்டுத்தான் கூட்டிட்டு வந்தேன்னு சொன்னேன். அவரும் எனக்குத் தெரியாதுன்னே நினைச்சுட்டு இருக்கார்.

உன் கடிதத்தை சமையலறையில நின்னு படிச்சேன். படிச்சுட்டு அடுப்பை அணைச்சுட்டு அப்படியே கீழ உக்காந்துட்டேன். மிருது வந்து ஏம்மா அழறன்னு கேட்டா. வெங்காயம்னு சொன்னேன், வெங்காயமே உரிக்கல.

உன்னை எவ்வளவு திட்டினேன். உன்னைத் திட்டத் திட்ட எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சுடா. ஏன்னு சொல்றேன். இதை நான் யார்கிட்டயும் சொல்லல.

நீ வராண்டாவுல உக்காந்து அதைப் போட்ட அன்னிக்கு சாயங்காலமே எனக்கு அது வந்துடுச்சு. என்கூடப் படிச்ச ஹேமாவதிதான், யாருடி இது, உன் வீட்டுக்காரர் மாதிரி இருக்காரேன்னு அனுப்பினா. பார்த்தேன். சிரிச்சேன். சும்மா இல்ல, கண்ணுல தண்ணி வர வயித்தைப் பிடிச்சுட்டு சிரிச்சேன். என் வீட்டு ஹீரோவைப் பாருங்கன்னு எழுதி, சிரிக்கற மூஞ்சி வரிசையா போட்டு, சொந்தக்காரங்க குரூப்புல நானே அனுப்பினேன். அது பத்தாதுன்னு எங்க தெரு பொம்பளைங்க குரூப்புலயும் போட்டேன். அந்த பொம்பளைங்க பசங்கதான் இவர்கிட்ட டியூஷன் படிக்கறாங்க. போர்டுல எழுதினவனுக்கு அது உன்கிட்டேர்ந்து போகல முகிலா. என்கிட்டேர்ந்துதான் போச்சு.

சொந்தக்காரங்க குரூப்புல அவரும் இருக்கார். நேத்து மேல தள்ளித் தள்ளிப் பார்த்தேன். நான் போட்டதுக்குக் கீழ அவரும் சிரிக்கற மூஞ்சி ஒண்ணு போட்டிருக்கார். அன்னிக்கு ராத்திரி. மூக்குல ஆக்சிஜன் வெச்சுட்டுப் போட்டிருக்கார். வீட்டுக்கு வந்து இத்தனை நாள் ஆச்சு, ஏன் அனுப்பினன்னு ஒரு வார்த்தை என்னைக் கேக்கல. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

இப்ப இன்னொரு விஷயம். முந்தாநாள் அவரா வந்து, காதுகுத்தைக் கோயில்லயே வெச்சுக்கலாம்னார். குழந்தைக்கு ஒரு தடவைதான் வரும், என் மூஞ்சிக்காக அவளுக்கு ஏன் குறை வைக்கணும்னார். ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை நாள் பார்த்தாச்சு. முகிலனுக்கு எழுதி வரச் சொல்லுன்னும் சொன்னார். ரெண்டு தடவை சொன்னார்.

ஆனா நீ வராதடா.

கோவத்துல எழுதலை. சத்தியமா எனக்கு உன் மேல இப்ப கோவமே இல்ல. நீ அங்க வந்து மணையில உக்காந்தா, ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நான், நடுவுல அவர் நிப்பார். அவரைப் பார்த்து சிரிச்ச ரெண்டு பேரும் அவர் கூடப் பிறந்தவங்க, ஊர்க்காரங்க முன்னாடி பட்டு கட்டிட்டு உக்காந்திருப்போம். என்னால அது முடியாது. நீ இல்லன்னா, நான் ஒருத்தியா அவர் பக்கத்துல நின்னு எப்படியோ சமாளிச்சுடுவேன். சீசன் நேரம், உனக்கு லீவு கிடைக்கலன்னு சொல்லிடறேன். கம்மலை மட்டும் கொரியர்ல அனுப்பு, மாமன் கம்மல் இல்லாம குத்தக் கூடாது.

என்னைத் தப்பா நினைச்சுக்காத.

உன் அக்கா
கோகிலா


கோவளம்
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

கம்மல் இதோட வருது. சின்ன மாங்கா டிசைன், நடுவுல சிவப்புக் கல்லு. திருகு கொஞ்சம் இறுக்கம், எண்ணெய் தொட்டுப் போடச் சொல்லு.

நீ சொன்னா வரல. ஒரு தடவை யோசிச்சுப் பாரு, அவ்ளோதான் கேக்கறேன். பத்து நிமிஷம் வந்து மடியில வெச்சுகினு, குத்தினதும் பின்பக்கமா வண்டியை எடுத்துகினு போயிடறேன். சோறுகூட வேணாம். இல்ல, வேணாம்னா வேணாம். நீ சிரிச்சதை நினைச்சு இப்படி உருகாத. உனக்கு அப்ப ஒண்ணும் தெரியாது, எனக்கு எல்லாம் தெரியும். ரெண்டும் ஒண்ணு இல்ல.

உன் பதில் வரலன்னா வரக் கூடாதுன்னு எடுத்துக்கறேன்.

உன் தம்பி
முகிலன்


கீழ்க்கட்டளை
3 செப்டம்பர் 2025

அன்புள்ள முகிலா,

நீ கடைசியா போட்டதுக்கு நான் பதில் எழுதல. எழுத உக்காந்தேன், வாடான்னு எழுதிடுவேனோன்னு பயந்து எழுந்துட்டேன்.

காதுகுத்து முடிஞ்சது. எப்படி முடிஞ்சதுன்னு உன்கிட்ட சொல்லாம எனக்கு மனசு ஆறாது.

அன்னிக்குக் காலையில அவர் எனக்கு முன்னாடியே எழுந்து குளிச்சு பட்டு வேட்டி கட்டிட்டார். கோயிலுக்கு வெளிய வாடகை சேர் வந்ததும் முதல் ஆளா போய் நின்னார். வந்தவங்க எல்லாரும் அவரைப் பார்த்ததும் உதட்டைக் கடிச்சுட்டு உள்ள போறாங்க. அவரோட பெரியப்பா மகன் குமாரு, எல்லார் முன்னாடியும் தோளைத் தட்டி, என்ன பெரியவரே இன்னிக்கு ஹோல்டான் இல்லையான்னான். இவர் கூட சேர்ந்து சிரிச்சார். நான் தூண் பக்கம் திரும்பி நின்னுட்டேன்.

காது குத்தற பத்தர் வந்துட்டார். மணை போட்டாச்சு, மாமன் உக்காரற இடத்துல புது வேட்டியும் மாலையும் வெச்சாச்சு. வெச்சது அவர். நான் சொல்லியிருந்தேன், முகிலனுக்கு லீவு கிடைக்காதாம்னு. அவர் நம்பல. சொல்லாம வந்து நிப்பான் பாருன்னார். வாசலுக்குப் போனார். மேடவாக்கம் ரோட்டுலேர்ந்து ஒரு பைக் சத்தம் கேட்டா போதும், நாலு எட்டு முன்னாடி போய்ப் பார்க்கறார். ஐயர் நல்ல நேரம் போகுதுன்னு ரெண்டு தடவை சொல்லிட்டார். என் மாமியார் வந்து, யாராவது ஒரு பங்காளிப் பையனை உக்கார வெச்சு முடிங்கன்னாங்க. குமாரு வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு நான் உக்காரறேன்னு வந்தான். இவர்தான் தடுத்தார். மாமன் இடத்துல வேற யாரும் உக்கார வேணாம்னு சொல்லிட்டு, இன்னும் கொஞ்சம் நேரம்னு கேட்டுட்டு திரும்பவும் வாசல்ல போய் நின்னார்.

நான் பின்னாடியே போனேன். சொல்லிடணும்னுதான் போனேன் முகிலா. நான்தான் வராதன்னு எழுதினேன், அவன் வரேன்னு கெஞ்சினான்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. அதுக்குள்ள அவர் ரோட்டைப் பார்த்துட்டே சொன்னார், "இப்படி ஒரு மாமான்னு சொல்லிக்க அவனுக்கு அசிங்கமா இருக்கும் போல. சின்னப் பையன்தானே, விடு."

நேரமாகுது, உள்ள வாங்கன்னு மட்டும் சொன்னேன்.

அப்புறம் அவரே உள்ள வந்து, அந்தப் புது வேட்டியையும் மாலையையும் எடுத்து ஓரமா வெச்சுட்டு, மணையில உக்காந்து குழந்தையைத் தன் மடியில வாங்கிக்கிட்டார். அப்பாவே உக்காரறாரேன்னு எல்லாரும் முணுமுணுத்தாங்க. அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கல. மிருது ஒரு காதுக்கு அழுதா, இன்னொரு காதுக்கு அவர் கழுத்தைக் கட்டிக்கிட்டு ஓய்ஞ்சுட்டா. உன் கம்மல்தான் போட்டோம். அழகா இருந்துச்சு.

மூணு நாளா சொல்லிடலாம் சொல்லிடலாம்னு அவர் பக்கத்துல போய் உக்காரறேன். காபி வேணுமான்னு கேட்டுட்டு எழுந்து வந்துடறேன். அந்த வீடியோவை அனுப்பினதைக்கூட அவர் மன்னிச்சுடுவார். இத்தனை பேர் முன்னாடி அவரை வாசல்ல காக்க வெச்சதை எப்படிச் சொல்றது? சொன்னா என்னைப் பார்த்து ஒண்ணும் கேக்க மாட்டார். அதுதான் எனக்கு பயம்.

நேத்து ராத்திரி, முகிலனுக்கு நான் ஒரு போன் போட்டுப் பேசட்டுமான்னு கேட்டார். அவன் கூச்சப்படுவான், கொஞ்ச நாள் போகட்டும்னு சொல்லி வெச்சிருக்கேன். அவர் என்னிக்காவது உனக்குப் போட்டுட்டா என்ன பண்றதுன்னுதான் இதை எழுதறேன். லீவு கிடைக்கலன்னே சொல்லு. அவர் நம்ப மாட்டார், உனக்கு அசிங்கமா இருந்துச்சுன்னுதான் நினைச்சுப்பார். நினைச்சுட்டுப் போகட்டும். நான் வராதன்னு எழுதினதை மட்டும் சொல்லிடாதடா.

இப்படிக் கேக்கறோமேன்னு எனக்கு வெக்கமா இருக்கு. இருந்தும் கேக்கறேன்.

உன் அக்கா
கோகிலா


கோவளம்
9 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மாமா போன் போட்டாரு. உன் லெட்டர் கைக்கு வந்த மறுநாளே.

ஏன்டா வரல, நான் ஏதாவது தப்பா பேசிட்டேனான்னு கேட்டாரு. தப்பா பேசிட்டேனான்னு என்னைக் கேக்கறாரு அக்கா. நான் லீவு கிடைக்கலன்னேன்.  அப்புறம் சரிடா, கம்மல் நல்லா இருந்துச்சு, உடம்பைப் பார்த்துக்கோன்னு வெச்சுட்டாரு. குரல்லேர்ந்தே எனக்குத் தெரிஞ்சு போச்சு, நம்பல.

நீ கேட்ட மாதிரி சொல்லிட்டேன். இனிமேயும் அதையே சொல்லுவேன். நீ பயப்படாம தூங்கு. அன்னிக்கு எனக்காக அவர் போர்டைப் பத்திக் கேட்டாரு, உனக்காக நான் இதைச் செய்யறேன், கணக்கு சரியாப் போச்சுன்னு நினைச்சுக்கறேன். சரியாப் போகலன்னு எனக்கும் தெரியும்.

ஆனா இனிமே நான் அங்க வர முடியாது அக்கா, அதை மட்டும் புரிஞ்சுக்கோ. தீபாவளிக்கு வான்னு கூப்பிடாத. அவர் எதிர்ல உக்காந்து அந்தப் பொய்யை இன்னொரு தடவை சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. அதைச் சொல்லாம உன்னைக் காட்டிக் கொடுக்கவும் என்னால முடியாது. அவர் கூப்பிட்டாலும் ஏதாவது சாக்கு சொல்லிடறேன், நீயும் ஏதாவது சொல்லிடு.

லெட்டரும் இனி வேணாம். தபால்காரர் வர்ற நேரத்துல மாமா இப்பல்லாம் வீட்டுலதானே இருக்காரு.

ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் பதில் போடு, ஒரு கார்டுல போட்டா போதும். திருகு இறுக்கமா இருந்துச்சுன்னு சொன்னேனே, பாப்பாவுக்குக் காது ஆறிடுச்சா?

உன் தம்பி
முகிலன்